ஒலியைத் திறக்கச் சொன்னார்கள்

என் சித்திக்கு மூன்று பெண்கள். மூத்தவள் கல்யாணமாகித் தூரதேசம் போனவள், திரும்பவில்லை. நடுவுள்ளவளைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. கடைசிக்காரி என் பின்னாலேயே மில்லுக்கு வந்தாள். நான் சொல்ல வந்தது இந்தக் கடைசிக்காரியைப் பற்றித்தான். எனக்குத் தங்கை முறை. மில்லில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

தறிக்கூடத்துக்குள் கால் வைத்தால், சங்கு ஊதி வெளியே வரும்வரை அவள் வாய் ஓயாது. ஆனால் ஒரு சத்தம் வராது. அதனால் மேஸ்திரி அவளைப் ‘பாட்டரி போன ரேடியோ’ என்று கூப்பிட்டார். ‘பாட்டரி போன’ என்பது நாளடைவில் உதிர்ந்துபோய் ரேடியோ மட்டும் நின்றது.

தறிக்கூடத்தில் நின்றவர்களுக்கு இது விளங்கும். நிற்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இருநூறு தறி ஒன்றாக ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஆகையால் அங்கே எல்லோரும் உதட்டால்தான் பேசுவோம். குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் நன்றாகத் திறந்து மூட வேண்டும், விட்டுப்போனதைக் கையால் நிரப்ப வேண்டும். பக்கத்தில் நிற்கிறவளிடம் பேசுவதைவிட நாலு தறி தள்ளி நிற்கிறவளிடம் பேசுவது சுலபம், முகம் நேராகத் தெரியும். நான் நூல் சுற்றும் பக்கம் இருந்தாலும் இந்தப் பேச்சு எனக்கும் வந்துவிட்டது. மாமியாரை வைத்துக்கொண்டே மாமியாரைத் திட்டலாம். அந்த ஒரு வசதிக்காகவே பலர் மில்லை விடாமல் இருந்தார்கள்.

அங்கே இன்னொரு பழக்கமும் உண்டு. தறிகளுக்கு மேலே தலைகள் மட்டும்தான் தெரியும். அந்த முகங்களை அடிக்கடி ஒரு பார்வை பார்த்துக்கொள்வோம். ரேடியோவின் புருஷன் கடைசி வரிசையில் ஓட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறிகளுக்கு நடுவே விழுந்துவிட்டார். விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தறி பாட்டுக்கு ஓடிற்று, துணி பாட்டுக்கு வந்தது. இவள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை. ஓடினாள். ஓடிப் பயன் இல்லை. அதற்குப் பிறகு புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் சொல்கிற முதல் பாடம் அதுதான்: ஒரு முகம் சட்டென்று மறைந்தால் என்ன ஏது என்று யோசிக்காதே, கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடு.

மகனுக்கும் அதையேதான் சொல்லிக் கொடுத்தாள். ஒரே மகன். அப்பா போன பிறகு வேறு வழியில்லாமல் அதே கூடத்துக்கு அவனும் வந்தான். சிலருக்குத் தறிச் சத்தம் பட்டும் படாமல் போய்விடும், சிலருக்குக் காதைத் தின்றுவிடும். இவனுக்குக் காதைத் தின்றது. மீசை நன்றாக அடர்வதற்குள் இரண்டு காதும் போயிற்று. இடி இடித்தால் ஏதோ உருள்கிறது என்பான். ஆனால் அம்மாவின் உதட்டைப் பார்த்தால் ஒரு வார்த்தை தவறாது. வீட்டிலும் இரண்டு பேரும் அப்படித்தான் பேசுவார்கள், அப்படித்தான் சண்டையும் போடுவார்கள். “உங்க வீட்டுல என்ன அமைதிடி, ஒரு அதட்டல் கேட்டதில்லையே” என்று பக்கத்து வீட்டுக்காரி பொறாமைப்பட்டாள். அன்றைக்குக் காலையில் ரேடியோ மகனைத் திட்டிய திட்டை நான் கண்ணால் பார்த்திருந்தேன். சிரிப்பை அடக்க வாயில் துணியை வைத்துக்கொண்டேன்.

அப்படி இருந்த வீட்டில்தான் போலீஸ் வந்து நின்றது.

மில் ஸ்டோரிலிருந்து தாமிரக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயிருந்தன. அன்று கடைசியாக வெளியே போனவன் இவன் என்றான் வாசல் காவலாளி. “பின்னாலேயே கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்காம வேகமா போனான்” என்று எழுதிக் கொடுத்தான். கூப்பிட்டிருப்பான், பொய்யில்லை. காது கேட்கிறவன் திரும்பியிருப்பான். காவலாளி வேலைக்குப் புதிது, அவனுக்கு இது தெரியாது. தெரிந்த மேஸ்திரி அதற்கு முந்தின வருடமே செத்துப்போயிருந்தார்.

ஜாமீனில் எடுக்கச் சொந்த வீட்டுப் பத்திரம் உள்ளவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ரேடியோ என்னிடம் வந்தாள். நானும் உட்கார்ந்து அப்பா வழி, அம்மா வழி, கொண்டவர்கள், கொடுத்தவர்கள் எல்லோரையும் நினைத்துப் பார்த்தேன்.

“ஏன்டி, நம்ம சொந்தத்துல வாடகை குடுக்காம படுத்திருக்கறவங்க எல்லாம் மண்ணுக்குள்ளதான் இருக்காங்க” என்றேன்.

“அவங்களைக் கையெழுத்துப் போடச் சொல்ல முடியாதா அக்கா?” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். ஜாமீன் கிடைக்கவில்லை. மகன் உள்ளேயே இருந்தான்.

ஆரம்பத்தில் கோர்ட்டு ஒரு பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. தேதி தேதிக்குச் சிறை வண்டி வரும். அவனை இறக்கிக் கூட்டிப்போவார்கள். படி ஏறுகிற நேரத்தில் அவன் சட்டைக் காலரை இவள் சரிசெய்துவிடுவாள், போலீஸ்காரர் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். உள்ளே குமாஸ்தா மேசைக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அதன் ஓரமாக நின்றால் கூண்டில் இருக்கிறவனுக்கு முகம் தெரியும். நீதிபதி அம்மா என்ன கேட்டாலும் இவள் உதட்டால் அவனுக்குச் சொல்வாள், அவன் வாயால் பதில் சொல்வான். முதல் நாளே அந்த அம்மா இதைக் கவனித்துவிட்டார்.

“என்னம்மா பண்றீங்க அங்க?”

“அவனுக்குக் காது கேக்காதுங்க. நீங்க கேக்கறதை அவனுக்குச் சொல்றேன். நானா ஒண்ணும் சேர்க்கலைங்க.”

“சரி, சேர்க்காம சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான். அதற்கு ஒரு மனுவும் வேண்டியிருக்கவில்லை, ஒரு உத்தரவும் வேண்டியிருக்கவில்லை. எழுதி வைக்காததால் அந்த அம்மா மாற்றலாகிப் போனபோது அதுவும் அவரோடு போய்விட்டது.

அப்புறம்தான் திரை வந்தது. வண்டி வேண்டாம், காவல் வேண்டாம், சிறையிலேயே ஒரு அறையில் கேமரா முன்னால் உட்கார வைத்தால் போதும் என்றார்கள். வீட்டுக்காரர்களும் வந்து அலைய வேண்டாம், போனிலேயே பார்க்கலாம் என்றார்கள். நல்லதற்குத்தான் செய்தார்கள். எத்தனையோ பேருக்கு நல்லதாகவும் இருந்தது. எங்கள் தெருவில் கால் முடியாத ஒரு தையல்காரர் கட்டிலில் படுத்தபடியே தன் வழக்கை ஜெயித்தார்.

இலவசமாக வழக்கை நடத்தித் தந்த வக்கீல் ஒரு சின்னப் பெண். நல்ல பெண், ஒரே நாளில் பத்து வழக்கைச் சுமந்துகொண்டு ஓடுவாள். அவள் சிறைக்கே போய் அவனிடம் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டிவிட்டு வந்தாள். எங்களிடமும் சொன்னாள்.

“இந்தத் தேதியில குற்றத்தை ஒத்துக்கறியான்னு கேப்பாங்கம்மா. இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அப்புறம் சாட்சி விசாரணை. காவலாளியை நான் பாத்துக்கறேன்.”

“நானும் அதுல தெரிவேனா?”

“தெரிவீங்க. ஒரு சின்னக் கட்டத்துல.”

“கட்டம் சின்னதா இருந்தாப் பரவாயில்லை. வாய் தெரிஞ்சாப் போதும்.”

எங்கள் போனில் படம் நின்று நின்று வந்தது. அதனால் கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் பெரிய கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். ரேடியோ நல்ல நாளுக்கு என்று வைத்திருந்த புடவையைக் கட்டி, தலையை வழித்து வாரியிருந்தாள். கடைக்காரர் நாற்காலியை உயர்த்தி, விளக்கை முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்தார். “கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்கக்கா” என்றார். “பொண்ணுக்குத்தான் பல்லு கொஞ்சம் கம்மி” என்றாள் இவள்.

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ஒன்றில் புது நீதிபதி. ஒன்றில் வக்கீல் பெண், வேறு எங்கோ ஒரு வராந்தாவில் நின்றபடி. ஒன்றில் அவன். மெலிந்திருந்தான். எங்கள் கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்ததும் அவன் தோள் இறங்கியது. ரேடியோ உதட்டால், “சாப்பிட்டியா?” என்றாள். “சாப்பிட்டேன்” என்று அவனும் உதட்டால் சொன்னான். தறிக்கூடத்தில் கூப்பிடு தூரத்தில் நிற்கிற மாதிரி அவர்கள் பாட்டுக்குப் பேசினார்கள்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். நீதிபதி குற்றச்சாட்டை வாசிக்க ஆரம்பித்தார். ரேடியோவும் ஆரம்பித்தாள். உதடு பெரிதாகத் திறந்து மூடுகிறது, கை மேலும் கீழும் போகிறது, சத்தம் இல்லை.

குமாஸ்தா குரல் வந்தது. “நியூ ஜெராக்ஸ்னு பேர் போட்டிருக்கறவங்க, உங்க ஒலி வரலை. ஒலியைத் திறங்க.”

கடைக்காரர் அவசரமாக எதையோ அமுக்கினார். “திறந்துதான் இருக்கு சார்” என்றார்.

“நீங்க பேசறது கேக்குது. அந்தம்மா பேசறது கேக்கலை.”

ரேடியோ இதை ஒன்றும் காதில் வாங்கவில்லை. அவள் கண் மகனிடம் இருந்தது. நான் அவள் முழங்கையைத் தொட்டேன், தட்டிவிட்டாள். தறி ஓடும்போது பேச்சில் இருக்கிறவளைத் தொட்டால் அப்படித்தான் தட்டிவிடுவாள்.

நீதிபதி வாசிப்பதை நிறுத்தினார். “யார் அது? கையைக் காட்டி அவனுக்குச் சொல்லிக் குடுக்கறாங்களே?”

வக்கீல் பெண் பேச வாயெடுத்தாள். அவள் படம் பாதித் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டது. லைன் போய்விட்டது. நான் எழுந்து, “ஐயா, அவ அம்மாங்க, அவனுக்குக் காது...” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள் என்று அதில் எழுத்து வந்தது.

கடைக்காரர் திரும்ப உள்ளே போகப் பார்த்தார். அனுமதிக்காகக் காத்திருக்கவும் என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “வந்துடும்கா, வந்துடும்” என்றார். ரேடியோ அந்த வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாய் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது: “இல்லைன்னு சொல்லு. இல்லைன்னு சொல்லு கண்ணு.”

வட்டம் நிற்பதற்குள் வக்கீல் பெண்ணிடமிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

“பெரியம்மா, அவர் ஒத்துக்கிட்டாராம். நான் உள்ள போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ரெண்டு வருஷம் போட்டிருக்காங்க.”

நான் அதை ரேடியோவிடம் வாயால் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே எடுத்துக்கொண்டாள்.

சிறைக்குப் பார்க்கப் போனோம். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்தவன் அம்மாவை மேலும் கீழும் பார்த்தான். முதல் கேள்வியே, “உனக்கு என்னம்மா ஆச்சு அன்னைக்கு?” என்றான்.

“எனக்கு என்ன? ஒண்ணும் ஆகலையே.”

“பேசிக்கிட்டிருந்தே. சட்டுனு காணோம்.”

அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நீ விழுந்துட்டேன்னு நினைச்சேன். பக்கத்துல இருந்த வார்டர்கிட்ட அம்மா எங்க அம்மா எங்கன்னு கேட்டேன். அவர் திரையைக் காட்டறார், பதில் சொல்லுங்கறார். ஒத்துக்கிட்டா இருந்த நாளைக் கழிச்சுட்டு அன்னைக்கே விட்டுடுவாங்கன்னு உள்ள எல்லாரும் சொல்வாங்கம்மா. சரின்னுட்டேன். ஓடி வரலாம்னுதான்.”

என் தங்கை நான் பார்த்து ஒரு நாளும் வாயடைத்து நின்றதில்லை. புருஷன் செத்த அன்றுகூட அவரிடம் பேசிக்கொண்டேதான் இருந்தாள். அன்றைக்கு அந்தக் கம்பிக்கு முன்னால் அவள் உதடு அசையவில்லை. “அம்மா, ஏதாவது சொல்லும்மா” என்று அவன்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

மேல் கோர்ட்டில் அப்பீல் போட்டோம். வக்கீல் பெண் அன்றைய பதிவை வாங்கிப் பார்த்துவிட்டு, இதை நீதிபதி பார்த்தால் போதும் என்றாள். ரேடியோவுக்கு ஒரே பிடிவாதம். “திரை வேண்டாம். அவனை நேர்ல நிறுத்துங்க. நான் ஜன்னல்கிட்ட நின்னுக்கறேன்.” மேல் கோர்ட்டு நீதிபதியும் நேரில் கொண்டுவர உத்தரவு போட்டார். ஒரு தேதிக்கு வண்டி இல்லை என்றார்கள். ஒரு தேதிக்குக் காவலுக்கு ஆள் இல்லை. ஒரு தேதிக்கு அவனை ஏற்றிவிட்டார்கள், பாதி வழியில் வேறு அவசரம் என்று திருப்பிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும், திரையில் காட்டட்டுமா என்று சிறையிலிருந்து கேட்பார்கள். கடைசி முறை வக்கீல் பெண்ணே தளர்ந்துபோய், “திரைக்கே ஒத்துக்கலாமாம்மா?” என்றாள். ரேடியோ தலையசைத்து மறுத்தாள். இப்படித் தேதி தேதியாகப் போய், தண்டனைக் காலமே முடிந்துவிட்டது. அவன் ஒரு பையோடு வெளியே வந்தான்.

வெளியே வந்தவனை எந்த மில்லும் சேர்த்துக்கொள்ளவில்லை. பேரைத் தட்டினால் கம்ப்யூட்டரில் வருகிறது, திருட்டு, தண்டனை என்று. தூரத்தில் ஒரு சந்தையில் மூட்டை இறக்கப் போனான். முகத்துக்கு முகம் பார்க்கிறதை நிறுத்திவிட்டான். அம்மா எதிரில் நின்றாலும் தரையைப் பார்ப்பான். அவன் தரையைப் பார்த்தால் அவள் பேசுவதற்கு வழி ஏது? தோளைத் தொட்டுத் தொட்டுக் கூப்பிடுவாள்.

அப்பீல் தேதி அதன் பிறகுதான் வந்தது. “இனிமே எதுக்கும்மா? இருக்க வேண்டியதை இருந்துட்டேன்” என்றான்.

“இருந்தது வேற. எடுத்தேன்னு எழுதி வச்சிருக்கறது வேற. வா” என்று இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன்.

அன்றைக்கு எல்லாம் நேரில் நடந்தது. நீதிபதி வயதானவர், நிதானமானவர். ரேடியோ மகனுக்கு எதிரில் நின்று சொல்ல அனுமதித்தார். பதிவைச் சுவரிலிருந்த பெரிய திரையில் போடச் சொன்னார்.

கறுத்த திரைக்கு அந்தப் பக்கம் நடந்ததை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். அவன் கண் ஒரு மூலையில் நிற்கிறது. அந்த மூலை காலியாகிறது. அவன் திரையில் எல்லாக் கட்டத்தையும் தேடுகிறான். நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறான், அங்கே ஆள் இருக்கிற மாதிரி. வார்டர் தோளைப் பிடித்து உட்கார வைக்கிறார். நீதிபதி குரல் கேட்கிறது. வார்டர் அவன் முகத்துக்கு நேராக வந்து என்னவோ சொல்கிறார். “ஒத்துக்கறேன் ஐயா, ஒத்துக்கறேன். எங்கம்மாவைப் பாருங்க” என்கிறான். கடைசிப் பாதியை அங்கே யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

நீதிபதி அதை இரண்டாம் முறை போடச் சொன்னார். அவன் பார்க்கவில்லை. ரேடியோ பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் தீர்ப்பைச் சொன்னார். அந்த ஒப்புதல் செல்லாது, தண்டனை ரத்து. வழக்கைக் கீழ்க் கோர்ட்டு முதலிலிருந்து விசாரிக்க வேண்டும்.

வக்கீல் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. “ஜெயிச்சுட்டோம்மா” என்றாள். “திரும்ப நடத்தித்தான் ஆகணும். ஆனா இந்தத் தடவை நாம விடமாட்டோம்.”

“முதல்லேருந்துன்னா?” என்றேன் நான்.

“குற்றச்சாட்டு வாசிக்கறதுலேருந்து, பெரியம்மா.”

அவன் வெகு நாளைக்குப் பிறகு தலையை நிமிர்த்தி அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். “என்ன சொன்னாங்கம்மா?”

ரேடியோ அவன் எதிரில் போய் நின்றாள். அந்தக் கூட்டத்தில் அவள் உதட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவனும் நானும்தான். அவள் சொன்னது இது: “முடிஞ்சுதுடா. நீ எடுக்கலைன்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்குப் போகலாம்.”

அவன் முகம் மாறியதை எனக்கு எழுதத் தெரியவில்லை. அங்கேயே குனிந்து அம்மாவின் காலைத் தொட்டான். எழுந்து, “அந்தத் தீர்ப்புக் காகிதம் வாங்கிக் குடும்மா. மில்லுல காட்டணும்” என்றான்.

“கம்ப்யூட்டர்ல ஏறணுமாம். நாளாகும். நீ வேலைக்குப் போ, வந்ததும் சொல்றேன்.”

வெளியே வந்ததும் நான் அவளைத் தனியே இழுத்தேன். “என்னடி இப்படிச் சொல்லிட்டே? நாளைக்குக் கூப்பிடுவாங்களே.”

“அவன் வராமலே வக்கீலம்மா அவன் சார்பா நிக்கறேன்னு மனு போடுவாங்களாம். நான் தேதிக்கு வரேன். அவன் இன்னொரு தடவை அந்த நாற்காலியில உக்கார வேண்டாம் அக்கா. முடியும்போது நிஜமாவே முடிஞ்சுடும். அப்ப அவனுக்கு ஒண்ணும் புதுசா இருக்காது.”

இன்னும் முடியவில்லை. காவலாளி வேறு ஊருக்குப் போய்விட்டான், அவனைத் திரையில் கொண்டுவரப் பார்க்கிறார்களாம். தேதிக்குத் தேதி அவளும் நானும் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். அவன் சந்தையிலிருந்து செய்தி அனுப்புவான், “காகிதம் வந்துச்சா” என்று. அவளுக்கு எழுத வராது. போனை என்னிடம் கொடுத்துத் தன் முகத்தைப் படம் பிடிக்கச் சொல்வாள். பேசுவதைப் பிடித்து அப்படியே அனுப்பிவிடுவோம். சத்தம் இருக்காது. “இன்னும் ஏறலை கண்ணு. வந்துடும். நீ நல்லா சாப்பிடு” என்பாள்.

போன வாரம் அப்படிப் பிடித்துவிட்டு அவளிடம் காட்டினேன். திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள்.

“பொய் சொல்ற மாதிரி தெரியுதா அக்கா?”

“வெளிச்சம் பத்தலை. ஜன்னல் பக்கம் வா, இன்னொண்ணு எடுக்கலாம்” என்றேன்.